நான் சாப்பிடாத ஐந்து கிண்ணம் காய்கறி

அனுப்புநர்:
பேருந்துப் பணிமனை மெக்கானிக்,
மூன்றாம் மாடி, பின்பக்க வீடு,
தொழிலாளர் குடியிருப்பு.

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்,
உணவுப் பழக்கக் கணக்கெடுப்புப் பிரிவு.

பொருள்: நிறுத்தப்பட்ட காய்கறி வண்டியை மீண்டும் அனுப்பக் கோருவதும், நான் சொன்ன பொய்யைத் திருத்திக்கொள்ள வேண்டுவதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பெரியவர்கள் தினமும் எத்தனை கிண்ணம் காய், பழம் உண்கிறார்கள் என்று கேட்டு எழுத, தங்கள் கணக்கெடுப்பாளர் அம்மா ஆண்டுதோறும் எங்கள் குடியிருப்புக்கு வருகிறார். முதல் ஆண்டு ஒன்று என்றேன். அவர் முகம் வாடியது. அடுத்த ஆண்டு மூன்று என்றேன், மலர்ந்தது. இந்த ஆண்டு வெயிலில் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க நின்றவரைப் பார்த்து, மனசு கேட்காமல் ஐந்து என்று சொல்லிவிட்டேன்.

2. சமையலறையிலிருந்து என் மனைவி, "தட்டுல ஒதுக்கி வைக்கிறதையும் சேர்த்துச் சொல்றாரு, பாத்து எழுதுங்க" என்றாள். அம்மா சிரித்தார்; ஐந்து என்றே எழுதிக்கொண்டார். எதிர்வீட்டுத் தையல்காரர் ஆறு என்று சொன்னதாகப் பிறகு தெரிந்தது. மற்ற வீடுகளும் எங்களுக்குச் சளைத்தவை அல்ல.

3. சென்ற மாதம் தங்கள் சுற்றறிக்கை வந்தது. இப்பகுதியில் காய்கறி, பழ நுகர்வு தொடர்ந்து உயர்ந்து போதிய அளவை எட்டிவிட்டதால், வாரம் இருமுறை வந்த மலிவு விலைக் காய்கறி வண்டி இனி வராதாம்.

4. ஐயா, சந்தைக்கு இரண்டு பேருந்து மாற வேண்டும். முழங்கால் வலியோடு என் மனைவி பை சுமக்கிறாள். கீழ்வீட்டு அச்சக ஊழியர் சர்க்கரை நோயாளி. அந்த வண்டியை நம்பித் தினமும் கீரை சாப்பிட்டவர். கணக்கெடுப்பில் உண்மை சொன்னவரும் அவர் ஒருவரே. போன வாரம் படியில் என்னை நிறுத்தி, "அஞ்சு கிண்ணம் சாப்பிடுறவரே, எனக்கு ஒரு கட்டு கீரை கிடைக்குமா?" என்றார். கிண்டலாகத்தான் கேட்டார். இரண்டு நாள் நான் பின்படி வழியாகவே வேலைக்குப் போனேன்.

5. அதன் பிறகே வீடு வீடாகப் போய்ப் பேசினேன். பத்தொன்பது வீட்டாரின் மெய்யான எண்ணிக்கை இணைக்கப்பட்டுள்ளது. என்னுடையது ஒன்றரை, மனைவி சரிபார்த்துப் பக்கத்தில் கையெழுத்திட்டிருக்கிறாள். தையல்காரர் மூன்றுக்குக் கீழே இறங்க மறுக்கிறார். அதைத் தாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே, எங்கள் பழைய பதில்களை அடித்துவிட்டு, வண்டியை மறுபடி அனுப்பிவைக்கப் பணிந்து வேண்டுகிறேன். வந்த அன்றைக்கு முதல் கட்டு கீரையை நானே வாங்கிக் கீழ்வீட்டுக் கதவைத் தட்டுவேன். கணக்கெடுப்பாளர் அம்மா இனி வரும்போது நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, உள்ளதைச் சொல்கிறோம். அவர் முகம் வாடினாலும் சரி.

இடம்: மேற்படி முகவரி
நாள்: இம்மாதம் பதினான்கு

தங்கள் மன்னிப்பையும் வண்டியையும் எதிர்நோக்கும்,
(கையொப்பம்)
மூன்றாம் மாடி மெக்கானிக்