மிதமான குளிர் என்றான் சாபித்

டிசம்பர் 27

இன்று மிர்வாலி வீட்டில் விருந்து முறை. மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டில் கூடிப் புலாவ் தின்கிற தோட்டக்காரர் கூட்டம் எங்களுடையது. தாஷ்கண்ட் நகரத்துக்குள் போனவர்கள் போக, இப்போது நாங்கள் மூன்று பேர்தான். மார்ச் எட்டு, மகளிர் தினத்துக்கு விற்பதற்கென்று மிர்வாலி துலிப் வளர்க்கிறான். சாபித்துக்கும் எனக்கும் எலுமிச்சை. ஆள் உயரத்துக்கு மண்ணை வெட்டி, மேலே கண்ணாடி போட்ட குழித்தோட்டம்.

பேச்சு முழுக்க சாபித்தின் பயணம்தான். அடுத்த மாதம் மனைவியோடு மக்காவுக்கு உம்ரா போகிறான். அங்கே உடுத்தும் வெள்ளை இஹ்ராம் துணியைக் கையோடு கொண்டுவந்து, சாப்பாட்டு விரிப்பு முன்னாலேயே தோளில் போட்டுக் காட்டினான்.

"கேரட் ஒட்டியிருக்கு பாருய்யா," என்றான் மிர்வாலி. "காபாவைச் சுத்துறப்போ பின்னாடி வர்றவனுக்குப் பசிக்கப் போகுது."

சாபித் சிரிக்கவில்லை. சக்கரப் பெட்டி, தையலில்லாத செருப்பு, வாசனையில்லாத சோப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். எனக்குத் திகட்டிவிட்டது. பேச்சை மாற்றத்தான், நாளைக்குக் கரி வாங்கப் போகிறேன் என்றேன். எரிவாயு நின்றால் குழித்தோட்டத்தைக் காப்பாற்ற அது ஒன்றுதானே.

"எதுக்குடா நொர்மத், காசைக் கரியாக்குற? என் மச்சான் வானிலை நிலையத்துலதானே இருக்கான். நேத்துகூடக் கேட்டேன். மிதமான குளிர்தானாம். அந்தக் காசுக்கு உரம் வாங்கு," என்றான் சாபித்.

நானும் மிர்வாலியும் கரி வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டோம். மச்சானே சொன்ன பிறகு என்ன?

ஜனவரி 5

சாபித் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்கிறான். புனிதப் பயணத்துக்கு முன் எல்லோரும் செய்வதுதான். நெஞ்சில் கை வைத்து, "அறிஞ்சோ அறியாமலோ உன் மனசு நோகுற மாதிரி ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சிடு" என்றான். கண் கலங்கியிருந்தது. நானும் அழுதுவிட்டேன். திகட்டியது என்று போன வாரம் எழுதினேனே என்று வெட்கமாக இருந்தது.

குழித்தோட்டச் சாவியைக் கொடுத்தான். "மகன் ஜசுருக்கு மரம் தெரியாது. நீதான் பாத்துக்கணும். உன்னை நம்பி ஒப்படைக்கிறேன், அமானிதம்டா இது." உலை பக்கத்தில் கொஞ்சம் கரி குவித்து வைத்திருந்தான். மிதமான குளிருக்குப் போதும்.

ஜனவரி 8

போய்விட்டார்கள். சாலை முழுக்கச் சேறு. ஜனவரியா இது, தொப்பிகூட வேண்டியிருக்கவில்லை.

ஜனவரி 11

நேற்று மதியம் வடக்கிலிருந்து காற்று திரும்பியது. காலையில் வாளித் தண்ணீர் கல்லாகிக் கிடந்தது. எரிவாயு அடுப்பில் தீ விரல் நகம் அளவுக்கு நீலமாக நின்று, பத்து மணிக்கு அதுவும் போயிற்று. தெரு முழுக்க இதே கதைதான்.

கரிக்கிடங்குக்கு ஓடினேன். வாசலில் ஊரே நின்றது. கிடங்கு துடைத்த மாதிரி காலி. "டிசம்பர் கடைசியிலயே மொத்தமா ஒருத்தர் அள்ளிட்டுப் போயிட்டாருங்க," என்றான் காவலாளி. யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. எவனோ முன்யோசனைக்காரன்.

வீட்டில் இருந்த விறகைப் பாதி என் மரங்களுக்கும் பாதி அறைக்குமாக எரிக்கிறேன். சாபித்தின் உலைக்கு அவன் குவியலிலிருந்தே போடுகிறேன், அளந்து அளந்து. அமானிதம்.

ஜனவரி 13

சீ. சீ. சீ.

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆகவேண்டும்.

சாபித்தின் கரிக்குவியல் காலையில் தீர்ந்துபோனது. பின்னால் ஏதாவது கிடக்குமா என்று அவன் வீட்டு வைக்கோல் கொட்டகைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ஜசுர் சாக்கில் கரி அள்ளிக்கொண்டிருக்கிறான். தார்ப்பாய் விலகியிருந்தது. கூரையைத் தொடும் உயரத்துக்குக் கரி. கிடங்கில் காணாமல் போன மொத்தக் கரியும் அங்கேதான் இருந்தது.

"என்னடா இது?"

"வாங்க பெரியப்பா. எத்தனை சாக்கு வேணும்? உங்களுக்குக் கொறைச்சுத் தர்றேன்."

"எப்ப வாங்கினது?"

"அப்பாதான் போன மாசம் வாங்கிப் போட்டாரு. கடும் குளிர் வருதுன்னு மாமா முன்னாடியே சொல்லிட்டாருல்ல." கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. அப்பாவின் புத்திசாலித்தனத்தில் பெருமை வேறு. "மூணு மடங்குக்குப் போகுது பெரியப்பா. ராத்திரி வரைக்கும் ஆளுங்க வந்துட்டே இருக்காங்க."

மச்சான் சொல்லியிருக்கிறான். கடும் குளிர் என்று. அதைக் கேட்டுக்கொண்டு வந்துதான் புலாவ் தட்டின் முன் உட்கார்ந்து எங்களிடம் மிதமான குளிர் என்றிருக்கிறான். ஏன்? நான் வாங்கியிருந்தால் அவனுக்கு அந்த அளவு குறைந்திருக்கும். அவ்வளவுதான் காரணம். பிறகு வீடு தேடி வந்து, நெஞ்சில் கை வைத்து — அந்தக் கையை நான் பிடித்துக்கொண்டு அழுதேனே! மூன்று முறை கை கழுவிவிட்டேன்.

அவன் அப்பன் உலைக்கு மட்டும் ஒரு சாக்குக் கொட்டச் சொல்லிவிட்டு, ஜசுரிடம் எனக்கென்று ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். என் மனைவி ஓய்தின், "மரம் செத்துப்போனா உங்க கோவத்தை வச்சு என்ன பண்றது?" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். ஆனால் அந்தக் கரியைக் கையால் தொட முடியாது என்னால்.

ஜனவரி 14

மிர்வாலி ஒரு சாக்குக் கரியோடு வந்தான், பாதி எனக்குத் தர. யாரோ ஒரு பையனிடம் வண்டியில் வாங்கினானாம். கொட்டிப் பார்த்தால் அடியில் பாதி கல்லும் தூளும். யாருடைய கரி என்று சொன்னேன். எப்போதும் ஏதாவது நக்கல் சொல்கிறவன், குனிந்து கல்லைத் தனியாகப் பொறுக்கிப் போட்டான். அவன் மருமகளுக்குக் கைக்குழந்தை. வீட்டுக்குள்ளேயே மூச்சுவிட்டால் புகை வருகிறதாம்.

அந்த நேரம் பார்த்துத்தானா சாபித் கூப்பிடவேண்டும்? கைபேசியில் முகம். மொட்டையடித்து, வெயில் பட்டுப் பளபளவென்று இருந்தான். பின்னால் விடுதிச் சாப்பாட்டு மேசை. பழங்களைத் தட்டுத் தட்டாகக் காட்டினான்.

"உன் எலுமிச்சைக்கெல்லாம் அல்லாஹ்கிட்ட துஆ கேட்டேன்டா. பேர் சொல்லிக் கேட்டேன். அங்க குளிர் எப்படி?"

"மிதமா இருக்கு," என்றான் மிர்வாலி.

நான் கேட்டேன்: "உன் மச்சான் உன்கிட்ட என்ன சொன்னாரு, சாபித்?"

கொஞ்ச நேரம் முகம் அசையவில்லை. படம் உறைந்துவிட்டதோ என்று நினைத்தேன். பின்னால் ஒருவர் தட்டோடு நடந்து போனார்; உறையவில்லை.

"கொட்டகைக்குப் போனியா?"

"போனேன்."

"அது பையனோட தொழில்டா. நான் ஆரம்பிச்சுக் கொடுத்தேன், அவ்வளவுதான். தொழில் வேற, நட்பு வேற. உனக்கு என்ன வேணுமோ எடுத்துக்க, அவன்கிட்ட நான் சொல்றேன்."

"மிர்வாலிக்கு? இந்தத் தெருவுக்கு?"

"சரியா கேக்கலைடா. சிக்னல் இல்ல. தொழுகைக்கு நேரமாச்சு."

மிர்வாலி எழுந்து முற்றத்துக்குப் போய்க் காறித் துப்பினான். எச்சில் விழுந்த இடத்தில் பனிக்கட்டி.

ஜனவரி 15

சாவியை ஜசுர் கையில் கொடுத்துவிட்டேன். யோசித்துப் பார்த்துத்தான் செய்தேன். ஏற்றுக்கொண்ட பொறுப்பைப் பாதியில் விடுவது தவறுதான். ஆனால் கூரை முட்டக் கரி வைத்திருக்கிற வீட்டில் என் கை எதற்கு?

"உலைக்கு மூணு வேளையும் போடணும். உங்கப்பா மரம். ஒரு நாள் விட்டாலும் போச்சு," என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். உலையையும் காட்டிக் கொடுத்தேன்.

"போட்டுடுறேன் பெரியப்பா," என்றான், கைபேசியைப் பார்த்துக்கொண்டே.

மதியம் எங்கள் முற்றத்துச் சர்க்கரைப்பாதாமி மரத்தை வெட்டினேன். பச்சை மரம், புகைதான் அதிகம். வேறு வழியில்லை.

ஜனவரி 16

என் குழித்தோட்டத்துக் கண்ணாடியில் உள்பக்கம் பனி படிந்துவிட்டது. முன்வரிசை இலைகள் வேகவைத்த கீரைபோல் தொங்குகின்றன. ஓரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சாபித்தின் முகம்தான் கண்முன் வருகிறது. பழத்தட்டு. தூ.

ஜனவரி 17

ஓய்தின் யோசனை இது. வீட்டு அறையில் ஒரு தீ, தோட்டத்தில் ஒரு தீ, மிர்வாலி வீட்டில் ஒரு தீ — எதற்கு மூன்று? எல்லாரும் குழிக்குள் இறங்கிவிடலாம் என்றாள்.

இறங்கிவிட்டோம். மிர்வாலி, அவன் மனைவி, மகன், மருமகள், குழந்தை, நாங்கள் இருவர். மரங்களுக்கு நடுவே கம்பளம் விரித்தோம். இரண்டு வீட்டு அடுப்புகளையும் கொண்டுவந்து, புகைக்குழாயைக் கண்ணாடி இடுக்கு வழியாக வெளியே விட்டோம். மேலே கண்ணாடியின்மீது வீட்டிலிருந்த மெத்தை, ரஜாய் அத்தனையும் போர்த்தினோம். துலிப் பெட்டிகளையும் மிர்வாலி சுமந்து வந்து மர அடியில் அடுக்கினான். விறகையெல்லாம் ஒன்றாகக் குவித்துப் பார்த்தால் அவ்வளவு குறைவில்லை.

குழந்தை எலுமிச்சையைப் பிடித்து இழுத்து நக்கிவிட்டு முகத்தைக் கோணியது. பல நாள் கழித்து எல்லாரும் சிரித்தோம்.

"நொர்மத், உன் மரம் என் குறட்டையைத் தாங்குமா?" என்றான் மிர்வாலி.

"பனியையே தாங்குது."

இலைகளில் நீர்த்துளி. உருகிய நீர்தான்.

ஜனவரி 22

காற்று மாறிவிட்டது. ஓட்டிலிருந்து சொட்டுகிறது. எரிவாயு வந்தது.

முன்வரிசை முழுதும் போயிற்று. பின்னால் உள்ளவை பிழைத்தன.

சந்தைக்குப் போகும் வழியில் சாபித்தின் குழித்தோட்டத்தை எட்டிப் பார்த்தேன். பூட்டாமல் கிடந்தது. ஒரு மரம்கூட மிச்சமில்லை. பட்டை வெடித்து, பழங்கள் கருத்து மெத்தென்று கிடந்தன. புளித்த நாற்றம் மூக்கில் ஏறியது. உலையைத் திறந்தேன், நான் விட்டுப்போன பழைய சாம்பல்தான். கொட்டகையும் காலி. ஜசுர் கடைசிச் சாக்கு வரை விற்றுவிட்டான். அப்பன் மரத்துக்கென்று ஒரு வாளிகூட ஒதுக்கவில்லை.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. இருபது வருட மரங்கள். அவற்றில் பாதிக்கு ஒட்டுக்கட்டியது நான்.

ஜனவரி 30

சாபித் வந்துவிட்டான். தெருவே போய்க் கட்டித் தழுவுகிறது. மக்காவின் ஜம்ஜம் தண்ணீர், பேரீச்சம்பழம். மூன்று மடங்கு கொடுத்து வாங்கியவர்கள்கூட "ஹாஜி அண்ணே, ஹாஜி அண்ணே" என்கிறார்கள்.

"உம்ராவுக்கே ஹாஜின்னா, ஹஜ்ஜுக்குப் போனா என்னன்னு கூப்பிடுவாங்க?" என்று கேட்டுவிட்டு மிர்வாலி போகவில்லை. நானும் போகவில்லை.

சாபித்தின் மனைவி முகர்ரம் மட்டும் சாயங்காலம் பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு வந்தாள். ஓய்தினைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவளுக்குத் தெரியாதாம். நம்புகிறேன்.

பட்டுப்போன மரங்களைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன். "அல்லாஹ்வோட சோதனைன்னு சொல்றாரு அண்ணே," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

பேரீச்சம்பழத்தை ஓய்தின் தின்றாள். எனக்கு இறங்கவில்லை.

மார்ச் 9

மிர்வாலியின் துலிப் அத்தனையும் நேற்றே விற்றுப்போயிற்று. வளைந்து வளைந்து நின்றவைகூட.

ஏப்ரல் 14

சாபித் வந்தான். கதவைத் தட்டிவிட்டுத் தள்ளி நின்றான். கொஞ்சம் இளைத்திருக்கிறான். தாடி விட்டிருக்கிறான்.

"ஒட்டுக்கு நாலு குச்சி வேணும்டா. உன்கிட்டதான் இருக்கு அந்த ஜாதி."

ஒரு சொல், ஒரே ஒரு சொல் சொல்வான் என்று நின்றுகொண்டிருந்தேன். அவனோ என் தலைக்கு மேலே வானத்தைப் பார்த்து, "இனிமே குளிராது, இல்ல?" என்றான்.

கத்தியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினேன். நல்ல குச்சியாகப் பார்த்துத்தான் வெட்டினேன். மொட்டுக் கெட்டவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை. ஈரத்துணியில் சுற்றி வாசலில் வைத்தே கொடுத்தேன். வாங்கிக்கொண்ட பிறகும் கொஞ்ச நேரம் நின்றான். எங்கள் ஊரில் வாசல் வரை வந்தவனை உள்ளே கூப்பிடாமல் யாரும் அனுப்புவதில்லை. அவனுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். பிறகு போனான்.

திரும்பினால் ஓய்தின் தேநீர்க் கெட்டிலோடு தாழ்வாரத்தில் நின்றாள்.

"உள்ள வரச் சொல்லலையா?"

நான் கத்தியைத் துடைத்து உறையில் போட்டேன். கெட்டிலைக் கொண்டுபோய் அடுப்பிலேயே திரும்ப வைத்துவிட்டாள்.