பொறி எண்ணுகிறவள்

மார்ச் 4
காலையில் அரை மணி நேரம் இருட்டறையில் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்கினேன். பிறகுதான் நுண்ணோக்கி. பெட்டிக்குள் ரேடியத்தின் கதிர் கரித்துண்டில் பட்டு அதன் அணுக்களை உடைக்கிறது என்கிறார் பேராசிரியர். உடைந்த சில்லு நுண்ணோக்கிக்கு முன்னால் இருக்கும் திரையில் மோதினால் ஒரு பொறி. நிமிடத்துக்கு எத்தனை என்று எண்ணுவது என் வேலை.

"நட்சத்திரம் எண்ணுறதுக்கு மொட்டை மாடி போதுமே, அங்க எதுக்குப் போற?" என்கிறாள் அக்கா. கேலி பண்ணட்டும். கண் விஷயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

மார்ச் 5
முப்பது வரும் என்று சொல்லி அனுப்பினார் பேராசிரியர். கூட எண்ணும் தோழிக்கு முப்பத்தொன்று. எனக்கு எட்டு.

மார்ச் 6
மறுபடியும் எட்டு. "கண் டாக்டரைப் பாத்தீங்களா?" என்றார், மரியாதையாகத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கரி அணு உடைகிறது என்ற அவர் கட்டுரை இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. என் எண் சரி என்றால் அது நிற்காது. அவர் எண் சரி என்றால் எனக்கு இங்கே வேலை இல்லை.

மார்ச் 9
கண் டாக்டரிடம் போனேன். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். தலை நிமிர்ந்து வீடு வந்தேன்.

மார்ச் 12
இன்றுதான் உறைத்தது. பெட்டிக்குள்ளே என்ன இருக்கிறது, எத்தனை வர வேண்டும் — எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறாரே! மினுக்கியதா இல்லையா என்று தடுமாறும் இடத்தில் மனசு எந்தப் பக்கம் சாயும்? தோழி பொய் சொல்கிறவள் இல்லை. ஆனால் முப்பதைத் தேடிக்கொண்டுதானே உட்காருகிறாள்?

மார்ச் 13
சொல்லிவிட்டேன். "சார், உள்ள என்ன வெச்சிருக்குன்னு எண்ணுறவங்களுக்குத் தெரியக் கூடாது." தோழி என் கையைக் கிள்ளினாள். அவர், "மொதல்ல என்னைச் சோதிங்க. நீங்களே வைங்க" என்றார்.

மார்ச் 16
வைத்துவிட்டு "தயார் சார்" என்று மட்டும் சொன்னேன். ஒரு நிமிடம் எண்ணினார். "இருபத்தாறு." குரலில் அப்படி ஒரு நிம்மதி. அவரே எழுந்து பெட்டி மூடியைத் திறந்து பார்த்தார். கரித்துண்டே இல்லை. கதிரை முழுக்க மறைக்கும் பித்தளைத் தகடு.

பாவமாகத்தான் இருந்தது. பெருமையாகவும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

மார்ச் 17
என்னையும் சோதிக்கச் சொன்னேன். தோழி வைத்தாள். ஐந்து என்றேன். திறந்தால் அதே தகடு! ஆக, என் எட்டிலும் பாதிக்கு மேல் வெறும் நினைப்புதான். நோட்டில் ஐந்து என்றே எழுதினேன். அழிக்கவில்லை.

மார்ச் 20
கட்டுரை போகவில்லை. அதற்குப் பதில் அவர் கைப்பட எழுதிய ஒரு பக்கம் அச்சுக்குப் போயிற்று. நகல் எனக்கும் கொடுத்தார். "கரி அணு உடைந்தது என்று நான் சொல்லிவந்ததற்கு ஆதாரம் இல்லை. தவறு என்னுடையது, கண்டுபிடித்தவர் இவர்" — அடுத்து என் பெயர், முழுதாக.

வீட்டில் மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை அக்கா பிடுங்கி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி படித்தாள்.