நன்றி வரியில் குவாமே

செவ்வாய், நவம்பர் 12, டோர்ட்மண்ட்

கானா நாட்டவரின் மூளை இரத்தக்குழாய் வீக்கம் பற்றிய எங்கள் ஆய்வுக் கட்டுரை இன்று இதழுக்குப் போய்விட்டது. அங்கேயிருந்து ஒவ்வொரு ஸ்கேனையும் பார்த்து, வீக்கம் எந்தக் குழாயில் என்று குறித்தவர் டாக்டர் குவாமே. எழுதியவர்கள் பட்டியலில் அவர் இல்லை. கடைசி நன்றி வரியில் தள்ளிவிட்டார்கள். பட்டியலில் இரண்டாவதாக என் பெயர்.

"ஏன் அண்ணை, அவருக்கு இடமில்லையோ?" என்று பிரிவுத் தலைவர் சிவா அண்ணையிடம் கேட்டேன்.

"அவர் படம் தந்தவர், அவ்வளவுதான். உமக்கு டொக்டர் பட்டம் வேண்டாமோ?"

தன் அப்பாவின் யாழ்ப்பாணப் பட்டத்தை ஜெர்மனி மதிக்கவில்லை என்று மேடைதோறும் குமுறுகிற மனிதர்.

பெயர் வரும் என்று குவாமேவுக்கு வாக்குக் கொடுத்தவன் நான். மாலையில் அவரே அழைத்தார். தன் பெயரும் கட்டுரையில் வருகிறதென்று ஆஸ்பத்திரி முழுக்கச் சொல்லிவிட்டாராம். வாழ்த்துகள் என்றேன்.