பொன்னிறத்துக்கு ஒரு நொடி முன்னே

மார்ச் 3
வெட்கக்கேடுதான், எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரிச் சமையலறையில், சூப்பில் தூவ வெங்காயம் பொரிப்பவள் நான். தினமும் ஒரு பிடியை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கழிவறையில் நின்று தின்கிறேன். மொறுமொறுப்பு வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிடுகிறேன்.

மார்ச் 4
நான் பொரிக்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது. வாசம் நோயாளிகளை எட்டக் கூடாதென்று கதவும் சாத்தியே இருக்கும். ஒன்பது வருஷம். மழையா வெயிலா என்பதைப் பரிமாறுகிறவர்களின் செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

பரிமாறும் பக்கம் மாற்றுங்கள் என்றேன். தலைமைச் சமையல்காரர் சிரித்தார். "அக்கா, உங்க கைப்பக்குவம் வேற யாருக்கு வரும்?"

கதவுக் கைப்பிடி ஆடுகிறது என்றேன். "பாக்கலாம்."

மார்ச் 9
விடிவு வந்தாச்சு! புதிதாக வந்த சத்துணவு நிபுணர் வெங்காயத்தை எடை போட்டுப் பார்த்தார். "பச்சையா இருந்தா தண்ணியும் நாரும். பொரிச்சா தண்ணி வெளிய, எண்ணெய் உள்ள. ஒரு வாரம் நிறுத்திப் பாக்கலாம்."

"நிறுத்துங்கம்மா, இந்த வெங்காயம் பெரிய கொலைகாரி" என்று நானே ஏற்றிவிட்டேன். வெங்காயம் நின்றால் என் அறைக்குப் பூட்டு.

மார்ச் 10
பரிமாறும் பக்கத்து ஜன்னலோரம் நின்று சூப் ஊற்றினேன். வெளியே ஒரு நாய் தூங்குகிறது. என்ன அழகு!

மார்ச் 14
தட்டுகள் அப்படியே திரும்பி வருகின்றன. ஏழாம் கட்டில் பெரியவர், "இது சூப்பா, பாத்திரம் கழுவின தண்ணியா?" என்று கரண்டியை வைத்துவிட்டார். மூன்று நாளாய்ச் சாப்பிடவில்லை. அவர் மகள் என் முன்னால் நின்று அழுதாள். நான் என்ன செய்ய? ஜன்னலைப் பார்த்தேன்.

மார்ச் 15
"எண்ணெய் கம்மியா பொரிக்க வழி இருக்காக்கா?" நிபுணர்தான் கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல்! பாவி வாய் — சும்மா இருக்குமா? மெல்லிசாக அரிந்து, துணியில் பிழிந்து, உலர்த்தி, எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் போட்டு, பொன்னிறத்துக்கு ஒரு நொடி முன்னே அள்ளினேன். மிச்ச நிறம் காகிதத்தில் தானாக வந்துவிடும். சட்டியில் மிஞ்சியதை நிபுணர் அளந்தார். வெங்காயம் முன்பைவிடப் பாதி எண்ணெய்தான் குடித்திருந்தது.

பெரியவர் கிண்ணத்தை வழித்துக் குடித்தார்.

"இனி ஆளுக்கு ஒரு கரண்டி. ஆனா நீங்க மட்டும்தான் பொரிக்கணும்" என்றார் நிபுணர்.

வீட்டில் சொன்னேன். "பூட்ட அந்த அறைக்கு இல்லடி, உன் வாய்க்குப் போட்டிருக்கணும்" என்றார் வீட்டுக்காரர்.

மார்ச் 17
கைப்பிடி கையோடு வந்துவிட்டது. கதவு சாத்தியிருந்தது. நான் உள்ளே. அடுப்பை அணைத்துவிட்டு அரை மணி நேரம் தட்டினேன், யாருக்கும் கேட்கவில்லை. ஏப்ரன் பையில் ஒரு பிடி இருந்தது. தின்றேன். குழாய் தேவைப்படவில்லை.