ஃபெமினாவின் வயிற்று வலி

இயேசு மரி சூசை

பாளையங்கோட்டை
18.7.96

அன்பு மகன் வில்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா தயவில் நானும் அப்பாவும் நடமாட்டமாக இருக்கிறோம், ஷார்ஜா வெயிலில் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ என்றுதான் எந்நேரமும் நினைப்பு. உன் மனைவியைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது, நிதானமாக உட்கார்ந்து படி.

போன ஞாயிறு பூசையில் சாமியார் கையால் நற்கருணை வாங்கப் போன ஃபெமினா பாதியிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாள். மாதாமாதம் அந்த நாட்களில் சுருண்டு படுக்கிறவள்தான், பார்த்த டாக்டர்களெல்லாம் பெண்களுக்கு உள்ளதுதான் என்று மாத்திரை கொடுத்து அனுப்பியதும் உனக்குத் தெரியும். அன்றைக்கு முகம் வெளுத்து, "மாமி, உள்ள என்னமோ கிழியுது" என்றாள். ஆட்டோ பிடித்து வண்ணாரப்பேட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்த டாக்டர் எலிசபெத், சினைப்பையில் கட்டி வெடித்திருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்யணும் என்றார்கள். அப்பா, "வில்சன்ட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படி" என்று எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினார்கள். உன் கேம்ப்பில் யாரும் போனை எடுக்கவில்லை. அவள் கை என் கைக்குள் சில்லிட்டுக்கொண்டே வந்தது, நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

உயிர் தப்பிவிட்டாள். இடது சினைப்பை போய்விட்டது, வலதைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மறுநாள் டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். கர்ப்பப்பையின் உள்தோலில் உள்ள செல்கள் மாதாமாதம் விலக்கோடு வெளியே வந்துவிட வேண்டியவை. அதில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகத் திரும்பி வயிற்றுக்குள் போய்விடுமாம். பெரும்பாலான பெண்களுக்கு அப்படிப் போகத்தான் செய்யுமாம், உடம்பின் காவல் செல்கள் தின்று துப்புரவாக்கிவிடுமாம். இவளைப் போலச் சிலருக்கு அவை சாகாமல் குடல் மேலும் சினைப்பை மேலும் ஒட்டிக்கொண்டு, பக்கத்திலிருந்து ரத்தக் குழாயைத் தன் பக்கம் இழுத்து வளர்கின்றன. இருக்கிற இடம் வேறானாலும் பழைய வேலையை விடுவதில்லை, கர்ப்பப்பை கசியும்போது இவையும் கசிகின்றன, அந்த ரத்தம் வெளியேற வழியில்லை. அது தேங்கிக் கட்டியாகி, சுற்றிலும் புண்ணாகித் தழும்பாகி, உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, அந்த வலிதான் இவ்வளவும். பிள்ளை தங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம் என்றார்கள். சிலருக்கு மட்டும் ஏன் என்று கேட்டேன். "அது இன்னும் யாருக்கும் முழுசாத் தெரியலம்மா, ஆனா இந்தப் பிள்ளை மேல தப்பு எதுவும் இல்ல" என்றார்கள்.

நேற்று நீ பக்கத்து வீட்டு ஆபிதா பீவி போனில் கூப்பிட்டாய். நான் பாதி சொல்லும் முன்னே, "ரெண்டு வருசமாப் பிள்ளை இல்ல, இப்ப இது வேறயா, மணப்பாட்டுல அவ அம்மை வீட்டுல கொண்டு விடுங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாய். அவளை நான் எங்கேயும் அனுப்ப மாட்டேன், அப்பாவும் அதையேதான் சொல்கிறார்கள். அந்தச் செல்கள் மறுபடியும் வளரலாம், பிள்ளை வேண்டுமானால் தள்ளிப்போடக் கூடாது என்று டாக்டர் சொல்கிறார்கள். நீ அங்கே இருந்துகொண்டு இவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது, லீவு கேள்.

நேற்று உன்னோடு பேசிவிட்டு நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது ஃபெமினா விழித்திருந்தாள். "மாமி, அவுக என்ன சொன்னாவ" என்றாள். "உன்னை நல்லாப் பாத்துக்கிடச் சொன்னான், லீவு கேட்டிருக்கான்" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி அழுதாள். இத்தனை நாளில் வலி இல்லாமல் அவள் அழுது நேற்றுதான் பார்த்தேன் வில்சன். நான் சொன்னதைப் பொய்யாக்கிவிடாதே.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் நிறையக் குடி. அவளுக்குத் தனியாகக் கடிதம் போடு, மறந்துவிடாதே. மாதா உன்னைக் கைவிடாமல் நல்ல புத்தியும் சுகமும் தருவாள்.

உன் அம்மா,
ப. லூர்து மேரி