வெறும் வயிற்றோடு வரவும்

என்னங்க, நான் ஸ்கேன் சென்டருக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். நீங்கள் பத்து மணிக்கு வந்து சேருங்கள். அதுவரை எதுவும் வாயில் படக் கூடாது. போன தடவை, "பிஸ்கட்டெல்லாம் சாப்பாட்டுல சேருமா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தீர்களே, அந்தக் கூத்து மறுபடி வேண்டாம்.

ஊசி கிடையாது. விலா மேல் ஜெல் தடவி, கருவியை வைத்து அழுத்துவேன். யாரோ விரலால் சுண்டுகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். கல்லீரலில் எவ்வளவு கொழுப்பு என்று மெஷினே சொல்லிவிடும். அதனால், "நான் கொறிக்கிறதையே விட்டுட்டேன்" என்று அங்கே வந்து அளக்காதீர்கள்.

வீட்டுச் சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. சிப்ஸ் பாக்கெட்டைத் தேடாதீர்கள், அது என் கைப்பையில் இருக்கிறது.

பி.கு.: புது மெஷினைச் சரிபார்க்கக் கொழுப்பில்லாத கல்லீரல் ஒன்று வேண்டும் என்றார்கள். "என்னுது இருக்கே" என்று நேற்று நானே போய்ப் படுத்தேன். இப்போது வேறு ஆள் தேடுகிறார்கள். வீட்டுக்கு வந்ததும் உங்கள் தொப்பையைச் சொல்லி உங்கள் மேல் பாய்ந்ததற்கு அதுதான் காரணம். சாயங்காலத்திலிருந்து இரண்டு பேரும் நடக்கப் போகிறோம். ஏன் என்று உங்கள் அக்கா கேட்டால், "எனக்காகத்தான்" என்றே சொல்லுங்கள்.