ரெவ்யூ என்றால் அணிவகுப்பு

என் பிரியமுள்ள தட்சிணா,

பள்ளிக்கூடத்தில் நீ எனக்குத் தட்சிணாதான். என் தங்கை சரோஜாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து ஊர் முன்னால் "வாங்க மாப்பிள்ளை" என்று ஆனாய். தனியாக இருந்தால் பழையபடி நீ, நான், டேய். இந்தக் கடிதம் வேறு யார் கண்ணிலாவது படலாம் என்று தெரிந்தும் "நீ" என்றே எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு உன்னோடு பேசுகிற நேரமெல்லாம் நாம் தனியாகத்தானே இருக்கிறோம்.

நாளை மாலை சரோஜாவை ஒரு ரெவ்யூவுக்கு அழைத்துப் போகிறேன். உன் மகன் ரவி அதில் இருக்கிறான். இந்த இரண்டு வாக்கியத்தைக் கேட்டதும் நீ மீசையைத் தடவிக்கொள்வாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு. முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் தடவு.

பாண்டிச்சேரியில் நம் உப்பளம் பகுதியில், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு திரும்பிய சொல்தாக்களின் வீடுகளில், ரெவ்யூ என்றால் ஒன்றுதான் உண்டு. பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை பதினான்கு அன்று கடற்கரையில் வெள்ளைச் சட்டையும் மெடலுமாக நீங்கள் வரிசையில் நிற்பது. "ரெவ்யூவுக்கு நேரமாச்சு, என் பெல்ட் எங்க?" என்று நீ போட்ட சத்தம் என் வீட்டு வாசல் வரை கேட்கும். அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவன் நான்.

நீ போன மறு வருஷம் பாரிஸிலிருந்து ரவி போன் செய்தான். அங்கே ஒரு கடையில் சாமான் அடுக்குகிற வேலையில் இருந்தான், உனக்குத் தெரியும். "மாமா, அந்த வேலைய வுட்டுட்டேன். ஒரு ரெவ்யூல சேத்துக்கிட்டாங்க" என்றான். குரலில் அவ்வளவு சந்தோஷம். பையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான், அணிவகுப்பில் இடமும் கிடைத்துவிட்டது என்று நான் முடிவுகட்டினேன். போனைக் கையில் வைத்துக்கொண்டே சரோஜாவிடம் சொன்னேன். அவள் உன் படத்துக்கு முன்னால் நின்று அழுத அழுகை அவன் காதிலும் விழுந்திருக்கிறது.

அதன் பிறகு வருஷா வருஷம் ஜூலை பதினான்கு மத்தியானம் பிரெஞ்சு சானலைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். சாப்பாடு ஆறிப்போகும். போன வருஷம் கத்தினாள், "அண்ணா, அதோ, மூணாவது வரிசையில! அவுரு மாதிரியே தாடைய தூக்கிக்கிட்டு!" நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். எனக்கும் அவன்போலத்தான் இருந்தது. பக்கத்து வீட்டு லூயிசம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவள் புருஷனும் சொல்தாதானே, அவள் ஒத்துக்கொண்டால் தெருவே ஒத்துக்கொண்ட மாதிரி.

போன மாதம் ரவி மறுபடி பேசினான்.

"மாமா, எங்க ரெவ்யூ பாண்டிக்கு வருது. பீச் பக்கம் புதுசா கட்டியிருக்காங்களே, அந்தப் பெரிய ஓட்டல்ல."

"ஓட்டல்ல எப்படிடா பட்டாளம் நடக்கும்?"

அந்தப் பக்கம் அவன் ஏதோ ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"மாமா, அது பட்டாளம் இல்ல. டான்ஸ். ஆம்பளைங்க மட்டும் ஆடுற டான்ஸ். பார்க்க வர்றது பெரும்பாலும் லேடீஸ். நல்ல எடம் மாமா, தப்பா ஒண்ணும் இல்ல. டிரஸ், லைட்டு எல்லாம் பெரிய லெவல்ல இருக்கும்."

"டிரஸ்னா?"

"கடைசிப் பாட்டுக்கு சட்டை இருக்காது. பேன்ட் இருக்கும்."

பேன்ட் இருக்கும் என்றதை நான் ஒரு ஆறுதலாகப் பிடித்துக்கொண்டேன். ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நான் சொன்னேனே மாமா. ரெவ்யூன்னு சொன்னேன். நீங்கதான் அம்மாகிட்ட வேற மாதிரி சொல்லிட்டீங்க. அம்மா அப்படி அழுதாங்க. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது?" என்றான். பிறகு மெதுவாக, "அம்மா ஷோவுக்கு வரணும்னு இல்ல. ஊருக்கு வந்துட்டு வீட்டுக்கு வராம போயிடட்டுமா, அத மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றான்.

தட்சிணா, இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு நான் எத்தனை தெரு சுற்றியிருப்பேன் தெரியுமா? எதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் வாயைத் திறப்பவன் நான். முதலில் ஓட்டலுக்குப் போனேன். வாசலில் பெரிய படம். ஆறேழு பேர் சட்டையில்லாமல் நிற்கிறார்கள். ஓரத்தில் ரவி. உன் தோள், உன் தாடை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

உள்ளே வரவேற்பில் இருந்த பெண் மரியாதையான பெண். "சார், இது மெயினா லேடீஸுக்கு. ஜென்ட்ஸ் ஃபேமிலியோட வரலாம். நீங்க யாரோட வர்றீங்க சார்?" என்று கேட்டாள். ஆடுகிறவர்களில் ஒருவனுக்கு நான் மாமன் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. "சும்மா விசாரிச்சுட்டுப் போலாம்னு வந்தேம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீயாக இருந்தால் அந்தப் பெண்ணிடம் டீயே வாங்கிக் குடித்துவிட்டு வந்திருப்பாய்.

வீட்டுக்கு வந்து என் பெரிய அகராதியைப் பிரித்தேன். ரெவ்யூ: முதலில் படைகளைப் பார்வையிடுதல். கீழே போனால் சஞ்சிகை. இன்னும் கீழே, ஆட்டமும் பாட்டமும் சேர்ந்த மேடை நிகழ்ச்சி. எல்லாம் அங்கேதான் இருந்தது. முதல் பொருளோடு நின்றுவிட்டேன். வகுப்பில் பிள்ளைகளை எதற்குத் திட்டுவேனோ அதே தவறு.

அகராதியை எடுத்துக்கொண்டே சரோஜா வீட்டுக்குப் போனேன். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து வந்த சங்கரா மீனைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் முதல் பொருள், இரண்டாம் பொருள் என்று விளக்க ஆரம்பித்தேன். "அண்ணா, பாடம் எடுக்காத. விஷயத்தச் சொல்லு" என்றாள். சொன்னேன். சட்டை விஷயம் வரை சொன்னேன்.

அவள் மீனை விடவில்லை. செதில் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப டிவியில, மூணாவது வரிசையில நின்னது யாரு?"

"யாரோ பெத்த பிள்ளைம்மா."

"நல்லா இருக்கட்டும்" என்றாள். சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. குழம்பு மட்டும் கொடுத்தனுப்பினாள்.

மூன்றாம் நாள் அவளே வந்தாள். உட்காரவில்லை. "அவுரு இருந்தா இன்னா சொல்லியிருப்பாரு? எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும். அவனை வீட்டுக்குக் கூப்பிடவா, வேணாமா?" என்றாள்.

இதற்குத்தான் இந்தக் கடிதம். உன்னைக் கேட்காமல் உன் சார்பில் நான் பதில் சொல்லிவிட்டேன். ரவி பட்டாளத்தில் சேர வேண்டும் என்று நீ சொன்னதுண்டு, மறுக்கவில்லை. ஆனால் எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. ஜூலை பதினான்கு ராத்திரி நடக்கும் நடனத்தில், காகித விளக்குகளுக்குக் கீழே, சின்னப் பையனாக இருந்த ரவி உன் பூட்ஸ் மேல் ஏறி நின்றுகொள்வான். நீ அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு பேண்டு வாத்தியத்துக்கு ஏற்ப அடி எடுத்துவைப்பாய். மற்ற சொல்தாக்கள் சிரிப்பார்கள். பையன் தூங்கி விழுகிற வரைக்கும் நீ நிறுத்தமாட்டாய். பட்டாளத்தில் உனக்குப் பிடித்ததே பேண்டு வாத்தியம்தான் என்று நீ என்னிடம் சொன்னது விளையாட்டுக்கா, நிஜத்துக்கா?

நிஜம் என்று வைத்துக்கொண்டேன். "ஆடக் கத்துக்கொடுத்ததே அவர்தானேம்மா. 'போய்ப் பாத்துட்டு வா'ன்னுதான் சொல்லியிருப்பார்" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். நான் பொய் சொன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். இது பொய்யா இல்லையா என்று எனக்கே தெரியாததால் அவளுக்கும் தெரியவில்லை போலும்.

"ஆட்டத்துல பட்டாள டிரஸ் போட்டு நடக்கறது ஏதாச்சும் இருக்குதா?" என்றாள்.

ரவியிடமே விசாரித்திருந்தேன். "முதல் பாட்டுக்கு இருக்குதாம்."

"அப்ப நான் ஊருல சொன்னது முழுப் பொய் இல்ல."

சரி, முதலில் அவனை வீட்டுக்கு வரச்சொல்லி சாப்பாடு போடலாம், ஆட்டத்துக்குப் போவதை அப்புறம் யோசிக்கலாம் என்று நான் ஒரு நடுவழி சொன்னேன். என் வழிகள் எப்போதும் நடுவழிகள்தானே. சரோஜா ஒத்துக்கொள்ளவில்லை. "அவன் ஆடறதப் பாக்காம வீட்டுக்குக் கூப்பிட்டா, மன்னிச்சு வுட்ட மாதிரி ஆயிடும் அண்ணா. மன்னிக்க அவன் இன்னா தப்பு பண்ணிட்டான்? மொதல்ல பாக்கறேன். பாத்துட்டு நானே கூட்டியாறேன்" என்றாள். அகராதியில் இல்லாத அர்த்தம் அது. எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குள் ஓட்டல் வாசல் படம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. லூயிசம்மா மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள், "சரோஜா, ஒன் பையன் ஓட்டல் வாசல்ல சட்டையில்லாம நிக்கறானாமே?"

நான் கொல்லைப்பக்கம் நழுவப் பார்த்தேன். சரோஜா துணி காயப்போடுவதை நிறுத்தவில்லை. "ஆமா. எண்ணெ தேச்சு, குளிப்பாட்டி, நான் வளத்த ஒடம்புதான். பாக்க நல்லாத்தான் இருக்குதாம். ரவி டிக்கெட்டு அனுப்பியிருக்கான், ஒண்ணு மிச்சம் இருக்குது. வரியா?"

லூயிசம்மா தெருவை இந்தக் கோடி, அந்தக் கோடி பார்த்தாள்.

"எத்தினி மணிக்கு?" என்றாள்.

ஆக, மூன்று பேர் போகிறோம். ஏற்பாடு எல்லாம் என் பொறுப்பு. பழக்கமான ஆட்டோக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. திரும்பும்போது ஆட்டோவுக்கு அலைய வேண்டாம் என்று அவரையே காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சரோஜாவின் முழங்காலுக்குப் படிக்கட்டு ஆகாது, பக்கவாட்டில் சரிவுப் பாதை இருப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சாப்பாடு தாமதமாகத்தான் தருவார்களாம். அவள் சர்க்கரை மாத்திரையை எப்போது போடுவது என்று டாக்டரைக் கேட்டேன். எங்கே போகிறீர்கள் என்று அவர் கேட்டார். "ஒரு விசேஷம்" என்றேன்.

முன்வரிசை வேண்டாம், ஆடுகிறவர்கள் சில நேரம் இறங்கி வந்து கைகொடுப்பார்கள் என்று ரவியே எச்சரித்தான். நான் பின்வரிசை கேட்கலாம் என்றேன். லூயிசம்மா, "இவ்ளோ தூரம் போயிட்டு பின்னாடி ஒக்காந்து கம்பத்தயா பாக்கறது?" என்றாள். முன்வரிசைதான்.

இன்று காலை சரோஜா உன் பீரோவைத் திறந்தாள். நீ போனதிலிருந்து அவள் திறந்து நான் பார்த்ததில்லை. உன் மெடல் பெட்டியை எடுத்தாள். "ரெவ்யூவுக்கு மெடல் இல்லாம அவுரு போனதே இல்ல. இத நாளைக்கு ரவிக்குக் குத்திவுடப் போறேன்" என்றாள். ஒருவர் வாங்கிய மெடலை இன்னொருவர் குத்திக்கொள்வது விதிப்படி சரியா என்று நான் ஆரம்பித்தேன். அதற்குள் லூயிசம்மா குறுக்கே புகுந்தாள்.

"அடியே, சட்டையே இல்லாதவனுக்கு எங்கடி குத்துவ?"

எத்தனை வருஷத்துக்குப் பிறகு சரோஜா அப்படிச் சிரித்தாள், தட்சிணா. பீரோ கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அவள் உள்தட்டிலிருந்து உன் அணிவகுப்புச் சட்டையை உருவினாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. பாக்கெட்டுக்கு மேலே, வருஷா வருஷம் ஊசி ஏறி இறங்கிய ஓட்டைகள். "அண்ணா, நீதானே அவனுக்குத் தாய்மாமன். விசேஷத்துக்கு நீதான் துணி எடுத்து வெக்கணும்" என்று என் கையில் கொடுத்தாள்.

இஸ்திரி போட்டுவிட்டேன். தோள் அளவு சரியாக இருக்கும், படத்தில் பார்த்தேன் அல்லவா. துணிப்பையில் வைத்து மேசை மேலேயே வைத்திருக்கிறேன், மறந்துவிடக்கூடாது என்று.

நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்கு இன்னும் நிச்சயமாகத் தெரியாது. தெரியாமலேதான் போகிறேன். ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். கடைசிப் பாட்டு முடிந்து விளக்குப் போட்டதும், சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் இருக்கும் கதவுக்குப் போவேன். அங்கே நிற்கிறவன் யார் நீங்கள் என்று கேட்பான். "சும்மா விசாரிக்க வந்தேன்" என்று இந்த முறை சொல்லமாட்டேன். பையன் உன் சட்டையைப் போட்டுக்கொண்டு, அம்மா மெடலைக் குத்திவிட, எங்களோடு அதே ஆட்டோவில் வீட்டுக்கு வருவான்.

இப்படிக்கு,
உன் சரோஜாவின் அண்ணன், உன் மச்சான்,
ரவியின் தாய்மாமன்
நடேசன்